ஜமீனும் உமையாளின் கறிவேப்பிலையும்

நவம்பர் 9, சனி

வெப்பம்: 71 டிகிரி ஃபாரன்ஹீட். ஈரப்பதம்: அளக்கும் கருவி இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. தின்றது: இல்லை. குடித்தது: இல்லை. கழிந்தது: என் கைமேல்.

என் மகள் தேனு கேட்டிருப்பது இந்த ஐந்து விஷயங்கள்தான். தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுமாம், வேறு எதுவும் வேண்டாமாம். இருபத்தாறு வருஷம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். ஒரு திருகாணி அரை மில்லிமீட்டர் பிசகினால் மூன்று பக்கம் எழுதுவேன். என்னிடம் போய் ஐந்து வரி எழுது என்றால் எப்படி? எழுதுவதை எழுதிவிட்டு, கொடுக்கும்போது நல்ல பிரதி எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

நேற்று என் மனைவி உமையாள் காரைக்குடிக்குக் கிளம்பினாள். அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். விமான நிலையத்தில் வைத்து இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, "கறிவேப்பிலைச் செடி பத்திரம். நான் வரும்போது ஒரு எலை கொறைஞ்சிருந்தாலும் உங்கள மன்னிக்க மாட்டேன்." இரண்டு, "நாளைக்குத் தேனுவோட சாமான் ஒண்ணு வரும். வாங்கி வச்சுருங்க."

சாமான் என்றாள். நானும் புத்தகப் பெட்டி என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். தேனுவின் தோழி ரேச்சல் ஒரு தட்டைப் பெட்டியும், ஓட்டை போட்ட துணிப்பை ஒன்றும் கொண்டுவந்து நீட்டினாள். பைக்குள் இரண்டு கண்கள். ஒன்று என்னைப் பார்த்தது, மற்றது கூரையைப் பார்த்தது.

பச்சோந்தி! அதுவும் உயிரோடு!

தேனு ஃப்ளோரிடாவில் ஊர்வன ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டாள். இதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ரேச்சலிடம் வாடகை வீட்டுக்காரர் பிராணி கூடாது என்றுவிட்டாராம். "தேனு டிசம்பர் இருபதாம் தேதி வந்து எடுத்துக்குவா அங்கிள்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஓடியே போய்விட்டது. கூடவே தீனிக்கு ஒரு டப்பா உயிருள்ள சில்வண்டு, நான்கு பக்கம் அச்சடித்த விதிமுறை. யாருக்கு என்று போடவில்லை. மேலே "கவனமாகப் படிக்கவும்" என்று மட்டும் இருந்தது. என் மகள் ஜூன் மாதத்திலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

பெயர் ஜமீனாம். தலைமேல் கூம்பாக ஒரு தலைப்பாகை இருப்பதாலோ, ஒரு அடி எடுத்து வைக்க முழு நிமிஷம் யோசிப்பதாலோ வைத்திருப்பாள். எப்படியோ, பெயர் பொருத்தம்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

வெப்பம்: 70. ஈரம்: 28. வேண்டியது 50க்கு மேல். தின்றது: ஒரு சில்வண்டு.

தட்டைப் பெட்டிக்குள் இருந்தது வலைக்கூண்டு. நான்கு அடி உயரம், இரண்டடி அகலம், நாலாபக்கமும் கம்பிவலை. கண்ணாடித் தொட்டி ஆகாதாம், காற்று ஓட வேண்டுமாம், தன் பிம்பத்தைக் கண்டால் வேறு ஜமீன் வந்துவிட்டான் என்று கொதித்துப் போவானாம். உள்ளே கிளை, கொடி, உயிருள்ள செடி. மேலே சூடு தரும் விளக்கு ஒன்று, வெயிலுக்குப் பதிலாக நீள விளக்கு ஒன்று. சுருங்கச் சொன்னால், மிச்சிகனில் பனி கொட்டும்போது என் வீட்டு மாடியில் ஒரு மழைக்காடு வேண்டும் என்கிறாள்.

பூட்டுவதற்கு நாற்பது நிமிஷம் என்று பெட்டியில் போட்டிருந்தது. எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. முடித்துப் பார்த்தால் கதவு தலைகீழாக நின்றது, மூன்று திருகாணி மிச்சம். கழற்றி மறுபடி பூட்டினேன். இப்போது கதவு சரி, திருகாணி நான்கு மிச்சம். இதை வடிவமைத்தவன் மட்டும் என் பிரிவில் வேலை பார்த்திருந்தால் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கூண்டைத் தேனுவின் அறையில் வைத்தேன். அந்த ஜன்னலில்தான் வெளிச்சம் நன்றாக வரும். வேறு காரணம் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

ஜமீன் என்னைப் பார்த்தால் கறுக்கிறான். நானும் அவனைப் பார்த்தால் கறுக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

வெப்பம்: 74. ஈரம்: 31. தின்றது: இரண்டு.

கடைக்குப் போய் அழகழகாக ஆறு பிளாஸ்டிக் செடி வாங்கிவந்து கூண்டில் தொங்கவிட்டேன். படம் எடுத்துத் தேனுவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"பிளாஸ்டிக் வேண்டாம். கடிச்சு முழுங்கிடுவான். பக்கம் மூணு பாருங்க."

அப்பா என்ற சொல் இல்லை. இந்தச் சில நாளில் வந்த மற்ற இரண்டு செய்தியிலும் இல்லை. நான் ஒன்றும் கணக்கு வைக்கவில்லை, சும்மா கண்ணில் பட்டது.

பக்கம் மூன்றில் சொல்வது: இந்த இனம் இலையும் தின்னும், அதனால் நஞ்சில்லாத செடிதான் வைக்க வேண்டும். கடைச் செடியில் பூச்சிமருந்து இருக்கும். இலையைக் கழுவி, மண்ணை மாற்றி, பல வாரம் தனியாக வைத்துப் பிறகுதான் உள்ளே வைக்கலாம். பல வாரத்துக்கு நான் எங்கே போக? ஜமீன் ஒரு மொட்டைக் குச்சியில் உட்கார்ந்து, ஒளிய இடம் இல்லாமல் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கிறான். பார்க்கப் பாவமாக இருக்கிறது. சனியன், பாவப்பட வைத்துவிட்டது.

நவம்பர் 15, வெள்ளி

இன்று நான் செய்த காரியம் உமையாளுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது.

அவன் ஏறி ஒளியும் உயரத்தில் பூச்சிமருந்தே படாத செடி இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. கீழ்க்கூடத்து ஜன்னலோரம் நிற்கும் கறிவேப்பிலை. பதினான்கு வருஷம் முன்பு விரல் உயரத்தில் வாங்கி வளர்த்தது. கோடையில் வெளியே, குளிரில் உள்ளே. இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் யார் உமையாளுக்கு வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பதை அவள் கொடுக்கும் கொத்தின் நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம். எங்கள் கல்யாண நாளை ஒரு வருஷம் மறந்திருக்கிறாள். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்ததே இல்லை.

அந்தச் செடி ஒரு வாரமாக ஜன்னல் குளிரில் மஞ்சளாகி உதிர்கிறது. இன்று காலை தொட்டிக்கடியில் இருபத்திரண்டு இலை. ஒரு இலை குறைந்தாலே மன்னிப்பில்லை என்றாளே, இருபத்திரண்டுக்கு என்ன தண்டனை?

மாடியிலோ சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றும் தயார், செடிதான் இல்லை. கீழே செடி இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை. நான் திருடவில்லை. வைத்தியத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

தொட்டியை மாடிக்குத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கூண்டின் நடுவில் வைத்து, குளியலறை மணிபிளாண்டை ஒரு மூலையில் படரவிட்டேன். கொல்லையில் விழுந்து கிடந்த ஆப்பிள் கிளையைக் கழுவிக் குறுக்கே கட்டினேன். ஜமீன் முழு நிமிஷம் யோசித்தான். ஒரு காலை எடுத்துக் கறிவேப்பிலைக் காம்பில் வைத்தான். இரண்டாவது கால். பிறகு ஒரேயடியாகப் பச்சையாகி உள்ளே போய் மறைந்தான்.

நல்ல பச்சை. சொல்லத்தான் வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

வெப்பம்: மேல்கிளையில் 86, அடியில் 73. ஈரம்: 55. தின்றது: நான்கு, கூட ஒரு கறிவேப்பிலை.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை இவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இலையில் சொட்டாக நின்றால்தான் குடிப்பானாம். காலையும் மாலையும் தெளிப்பானால் மழை பெய்விக்கிறேன். கட்டை விரல் மரத்துப்போகிறது. வாழ்நாளில் என் மாமனாருக்குக்கூட இப்படிப் பணிவிடை செய்ததில்லை.

கறிவேப்பிலையைக் கடித்துவிட்டு ஒரு கண்ணை மூடினான். ருசி தெரிந்தவன்.

நவம்பர் 19, செவ்வாய்

உமையாள் வீடியோவில் வந்தாள். பின்னால் மேளம், பந்தல், பத்துப் பேர்.

"என்னங்க, செடியக் காட்டுங்க."

"சார்ஜ் கம்மியா இருக்கு உமையா."

"போன திருப்புறதுக்கு என்ன சார்ஜ்?"

"செடி நல்லா இருக்கு. நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"ஒங்க பின்னால சன்னல் பளிச்சுன்னு தெரியுதே. அங்கதான நின்டுச்சு?"

இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பிறகு, சிக்னல் போய்விட்டது என்று செய்தி அனுப்பினேன். அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினாள். ஏன் சிரிக்கிறாள் என்று புரியவில்லை. கல்யாண வீட்டுச் சந்தோஷமாக இருக்கும்.

நவம்பர் 22, வெள்ளி

சில்வண்டு டப்பாவின் மூடியை யாரோ சரியாக மூடவில்லை. வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், இருந்தாலும் யாரோ.

சுமார் நாற்பது தப்பித்தன. முப்பத்தொன்றைப் பிடித்துவிட்டேன். ஒன்று பூஜை அலமாரிக்குள் புகுந்துகொண்டு முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து பாடுகிறது. சாயங்காலம் உமையாள் போனில் கேட்டாள்.

"அது என்னங்க கிரீச் கிரீச்சுன்னு?"

"டிவி."

"சாமி அலமாரிப் பக்கமால்ல கேக்குது?"

பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பக்கம் சொல்கிறாள்! இவளைத் தொழிற்சாலையில் என் இடத்தில் வைத்திருந்தால் ஒரு கார்கூட வெளியே போயிருக்காது.

நவம்பர் 25, திங்கள்

தின்றது: இல்லை. மூன்று நாளாக இல்லை.

நவம்பர் 27, புதன்

வெப்பம்: 85. ஈரம்: 58. தின்றது: இல்லை. ஐந்தாம் நாள்.

எல்லாம் சரியாக இருக்கிறது. விளக்கை அளந்தேன், சரி. தண்ணீர் குடிக்கிறான், சரி. ஆனால் சில்வண்டை நீட்டினால் இரண்டு கண்ணையும் வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். நிறம் மங்கிக் கறுப்புப் புள்ளி விழுகிறது. தேனுவுக்கு எழுதினேன். "சில சமயம் இப்படிச் செய்வான். கண் உள்ளே போச்சான்னு பாருங்க. டாக்டருக்கு நான் சொல்றேன்" என்று பதில். ஊர்வன வைத்தியரிடம் செவ்வாய்க்கிழமைதான் நேரம் கிடைத்தது. ஆறு நாள் இருக்கிறது. அதுவரை தாங்குவானா?

இது செத்துப்போனால் அவள் வரமாட்டாள். எடுத்துப் போக ஒன்றும் இல்லாத வீட்டுக்கு எதற்கு வருவாள்?

ஜூனில் அவள் இதே அறையில் நின்றுகொண்டுதான் சொன்னாள். இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு விலங்கியலுக்கு மாறிவிட்டேன் அப்பா, ஊர்வனதான் படிக்கப்போகிறேன் என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். நான் கேட்டேன், "பல்லி பிடிக்கவா உன்ன இவ்வளவு தூரம் படிக்கவச்சேன்?" என்று. அதோடும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த நண்பர்கள் முன்னாலும் அதையே சொல்லிச் சிரித்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது தப்பு. தேனு, தப்பு என்னுடையது. இதை அவளிடம் போனில் சொல்ல நாலு தடவை எண்ணை அழுத்தி நாலு தடவையும் வைத்துவிட்டேன்.

நல்ல பிரதி எடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

நவம்பர் 29, வெள்ளி

தின்றது: இல்லை.

உமையாள் கேட்டாள், "இன்னையோட மூணு வெள்ளி ஆச்சு. செடிக்கு மோர் ஊத்துனீகளா?"

"ஊத்தாம இருப்பேனா?"

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். 'வெள்ளிதோறும் ஒரு டம்ளர் புளித்த மோர்' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள். ஒரு வெள்ளிகூட ஊற்றவில்லை! இந்தப் பதினான்கு வருஷமும் அந்தச் செடி மோர் குடித்து வளர்ந்தது. இங்கே ஒருவன் பட்டினி கிடக்கிறான் என்றால் இன்னொன்றையும் பட்டினி போட்டிருக்கிறேன்.

நன்றாகப் புளிக்க வேண்டும் என்பாள். குளிர்பெட்டியின் பின் மூலையில் தீபாவளிக்கு வாங்கிய தயிர் இருந்தது. மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வந்தது, அவ்வளவு புளிப்பு. கடைந்து, மூன்று வாரப் பாக்கியாக மூன்று டம்ளர் ஊற்றினேன். தாமதத்துக்கு ஈடாக இன்னொன்று.

நவம்பர் 30, சனி

அறையில் நாற்றம் தாங்க முடியவில்லை.

மோர் ஊற்றும்போது ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். அது வெயிலில் நிற்கும் தோட்டத்துச் செடி இல்லை. மேலே விளக்குச் சூடு, சுற்றிலும் ஈரம். ராத்திரிக்குள் மண்ணே தயிராகிவிட்டது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மேல்மண்ணைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு ஈ வந்தது.

வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது. குளிருக்குப் பயந்து கூரைக்குள் ஒண்டியிருந்ததோ என்னவோ, மோர் வாசம் பிடித்து வந்துவிட்டது. கொழுத்த ஈ. திறந்திருந்த கூண்டுக்கதவு வழியாக உள்ளே நுழைந்து கறிவேப்பிலைக் கொத்தில் உட்கார்ந்தது.

ஜமீனின் ஒரு கண் திரும்பியது. இன்னொரு கண்ணும் திரும்பியது. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியைக் குறிவைத்து நான் இன்றுதான் பார்த்தேன். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். அவன் உடம்பு முன்னுக்கு நகர்ந்தது, வாய் லேசாகப் பிளந்தது.

டப்! அவ்வளவுதான். ஈ இருந்த இடத்தில் ஈ இல்லை. ஜமீன் மென்றுகொண்டிருந்தான்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து "எல்லாம் நலமா?" என்று கேட்டார். "சாப்பிட்டுட்டான்! சாப்பிட்டுட்டான்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் கட்டை விரலைக் காட்டிவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டார்.

அடுத்து மச்சுக்கு ஏறினேன். உத்தரத்து இடுக்கில் இன்னும் நாலு ஈ இருந்தன. உயிரோடு பிடிக்க வேண்டும், நசுக்கக் கூடாது. கண்ணாடி டம்ளரும் அட்டையுமாக, ஐம்பத்தெட்டு வயதில், முட்டிபோட்டுத் தவழ்ந்து பிடித்தேன். நாலையும் தின்றான். கடைசியாகச் சில்வண்டை நீட்டினேன், யோசிக்காமல் அதையும் தின்றான்.

வீடியோ எடுத்துத் தேனுவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது.

"அப்பா!!!"

ஆச்சரியக்குறி மூன்று. ஜூனுக்குப் பிறகு முதல் அப்பா. இது குறிப்புக்குச் சம்பந்தமில்லாதது.

டிசம்பர் 1, ஞாயிறு

தின்றது: ஆறு.

தேனு கூப்பிட்டாள். ஈ எப்படி வந்தது என்று கேட்டாள். மோர் விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு டம்ளரா! ஒரே நாள்லயா!"

"மூணு அரியர். ஒண்ணு பைன்."

சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு வாத்தியார் மாதிரிக் கட்டளை போட்டாள்: மோர் நாறிய மண்ணை முழுக்க எடுங்கள், புதுமண் போடுங்கள், மேலே பெரிய கூழாங்கல் பரப்புங்கள், இனி மோர் கீமோர் எதுவும் கூடாது. "சரிம்மா" என்றேன். "சரி, கல்லக் கழுவிட்டுப் போடுங்க" என்று வைத்துவிட்டாள்.

கல்லை மூன்று தடவை கழுவினேன்.

டிசம்பர் 7, சனி

வெப்பம்: 86. ஈரம்: 60. தின்றது: ஐந்து.

வைத்தியர் செவ்வாயன்றே பார்த்துவிட்டு, ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை, தீனியை மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்றார். இன்று தேனுவோடு பேச்சு நாற்பத்திரண்டு நிமிஷம். எல்லாம் ஜமீனைப் பற்றித்தான். நிறம் மாறுவது ஒளிவதற்கு மட்டும் இல்லையாம். பயம், கோபம், குளிர், சந்தோஷம், எல்லாவற்றையும் இவன் தோலில் எழுதிவிடுவானாம். "மறைக்கத் தெரியாதுப்பா அவனுக்கு. அப்படியே காட்டிருவான்" என்றாள்.

நல்ல பழக்கம்தான் என்றேன்.

கறிவேப்பிலையில் ஒன்பது புதுத்துளிர். டிசம்பர் குளிரில், மிச்சிகனில், ஒன்பது! இரண்டு தடவை எண்ணினேன்.

டிசம்பர் 14, சனி

மாட்டிக்கொண்டேன்.

தமிழ்ச்சங்கத்துக் கார்த்திகை விருந்து நாளை. எண்பது பேருக்குச் சாம்பார். எட்டுக் கொத்துக் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ள உமையாள் ஊரிலிருந்தே அனுமதி கொடுத்தாளாம், சௌந்தரம் வாசலில் வந்து நிற்கிறார். சங்கத்தின் சமையல் பொறுப்பு அவருடையது. சங்கத்தின் செய்தித் தொடர்பும் அவர்தான், யாரும் நியமிக்காமலே.

"செடி எங்கண்ணே? இங்கதான இருக்கும்?"

"மாடியில வச்சிருக்கேன். நீங்க ஒக்காருங்க, நான் பறிச்சுட்டு வாரேன்."

"நீங்க கண்டபடி ஒடிச்சிருவீங்க. நானே வர்றேன்" என்று என்னை முந்திக்கொண்டு படியேறிவிட்டார். நான் பின்னால் ஓடுவதற்குள் கூண்டுக்கு முன் நின்றார். ஜமீன் கொத்துக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினான்.

"அய்யய்யோ, ஓணான்!"

"பச்சோந்தி. கத்தாதீங்க, பயப்படுவான்."

"அவனா பயப்படுறான்? எனக்குக் கை கால் நடுங்குது!" என்றவர், சட்டென்று இலைகளைக் கவனித்தார். கூண்டைச் சுற்றி வந்தார். எட்டிப் பார்த்தார். "அண்ணே, எங்க வீட்டுச் செடி மொட்டையா நிக்குது. ஊர்ல யார் வீட்டுலயும் இப்ப இப்படித் தழைக்கல. இதுக்கு இவன்தான் காரணமா?"

"மழை, வெளிச்சம், சூடு. எல்லாம் இவனுக்காகப் பண்ணது."

சௌந்தரம் குரலைத் தாழ்த்தினார். "இவன மாதிரி ஒண்ணு எங்கண்ணே கெடைக்கும்?"

எட்டுக்குப் பதில் பன்னிரண்டு கொத்துக் கொடுத்து, உமையாளிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். சத்தியம் பண்ணினார். காரில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் வண்டியை எடுக்காமல் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 16, திங்கள்

உமையாள் இரண்டு நாளாகப் போன் செய்யவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

டிசம்பர் 19, வியாழன்

வெப்பம்: 86. ஈரம்: 62. என் நிலை: கறுப்பு.

விமான நிலையத்தில் உமையாள் ஒன்றுமே கேட்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள், மாப்பிள்ளையின் மீசையைப் பற்றிப் பேசினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றாமல் நேரே மாடிக்குப் போனாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். பல்லி மேலே விழுந்தால் தலைமுழுகுகிறவள் அவள். எந்த நிமிஷமும் கூச்சல் வரும் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கூச்சல் வரவில்லை. பேச்சுச் சத்தம்தான் கேட்டது.

"கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க. ரசத்துக்கு ரெண்டு கொத்துத்தான். ஒங்க துளிரத் தொட மாட்டேன்."

எட்டிப் பார்த்தேன். உமையாள் கூண்டுக்குள் கையை விட்டுக் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். ஜமீன் நிதானமாக ஒரு கிளை தள்ளி உட்கார்ந்தான். என்னைப் பார்த்துக் கறுத்தவன், இவளைப் பார்த்துப் பச்சையாகவே இருக்கிறான்!

கீழே வந்து பெட்டியைத் திறந்தாள். சீப்புச்சீடை, மணகோலம் என்று பலகாரம், எனக்கு இரண்டு வேட்டி. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து சுருட்டிய தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துப் போட்டாள், பத்து முழம் இருக்கும்.

"இது எதுக்கு?"

"ஒங்க ஜமீன் ஏறி எறங்கத்தான். இங்க கடையில விக்கிறது சாயம் போட்டதாம்ல. சந்தையில சொல்லித் திரிக்கச் சொன்னேன்."

"சௌந்தரம் சொன்னாங்களா?"

"அவுக சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்? கயிறு வாங்கி மூணு வாரமாச்சு."

"அப்ப நீ போகும்போதே..."

"நான் கல்யாண வேலையாப் போனவ. எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு ரசம் வைக்கப் போனாள். தாளிக்கும்போது பாடினாள்.

மூன்று நாள் கல்யாணத்துக்கு ஆறு வாரம் எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. இருபத்தாறு வருஷப் பரிசோதகன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தெரிந்தேதான் விட்டுவைத்தேன். இது பதிவாக இருக்கட்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

தேனு வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், வெயிலில் கறுத்திருக்கிறாள். வாசலில் அவள் பையை வாங்கிக்கொண்டேன். நான் "ஜமீன் நல்லா இருக்கான்" என்றேன். அவள் "தெரியும்" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு வந்தவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கூண்டைத் திறந்தாள். கையை நீட்டினாள். அவன் முழு நிமிஷம் யோசித்துவிட்டு அவள் விரலில் ஏறினான். அவள் கூண்டைப் பார்த்தாள், ஆப்பிள் கிளை, மணிபிளாண்ட், கழுவிய கல், நார்க்கயிறு, கூரை தொடும் கறிவேப்பிலை. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில்கூட இவ்வளவு நல்ல கூண்டு இல்லை என்றாள். நான் திருகாணி நாலு மிச்சம் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தினக்குறிப்பு எழுதினீங்களாப்பா?"

"எழுதாம இருப்பேனா?" என்று பெருமையாக நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திய பிறகுதான், நல்ல பிரதி எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கத்தையும் கிழிக்கவும் இல்லை.

கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம். உமையாள் கீழே அழைத்தாள், போனேன், மறுபடி ஏறிவந்து படியில் உட்கார்ந்தேன். மறுபடி சிரிப்பு. அப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. நவம்பர் கடைசிக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்துபோனது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"இருபத்தேழாம் தேதிப் பக்கத்தக் கிழிச்சிராதீங்க."

"தேனு, நான் அன்னைக்கு..."

"எழுதிட்டீங்கள்ல? போதும்ப்பா." தோளில் சாய்ந்தாள். "ஜமீன இப்ப எடம் மாத்தினா மறுபடி சாப்பிட மாட்டான். இங்கயே இருக்கட்டும்."

"அவன் மட்டுமா?"

"காலேஜ் ஜனவரி எட்டுதான் தொறக்குது. அதுக்கப்புறம் வாராவாரம் வந்து பாக்கணும். அவனுக்கு நகம் பாக்கணும், எடை பாக்கணும்."

"ஆமாமா, எடை முக்கியம்" என்றேன். அரை கிராம் பிசகாத தராசாகப் பார்த்து வாங்க வேண்டும்.

டிசம்பர் 21, சனி

காலையில் எழுந்து வந்தால் எனக்கு முன்பே குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற கோணல் எழுத்து, தேனுவுடையது:

'வெப்பம்: 86. ஈரம்: 61. தின்றது: ஏழு. குடித்தது: நிறைய. கழிந்தது: அப்பா வேட்டிமேல். பல்லி பிடிக்கிறவங்க: ரெண்டு பேர்.'

'ரெண்டு' அடிக்கப்பட்டு, மேலே உமையாளின் கையெழுத்தில் 'மூணு' என்று இருக்கிறது.

நானும் சிவப்புப் பேனாவை எடுத்துப் 'பல்லி'யை அடித்துப் 'பச்சோந்தி' என்று திருத்தினேன். மற்றபடி பிழை ஒன்றும் இல்லை.